அரைப் பவுன் ஈயமும் 16 அங்குலப் புரியும்

.22 துப்பாக்கியால் (குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) காகித இலக்கில் சுட்டால் ஓட்டை பென்சிலால் குத்தியது போல வட்டமாக விழ வேண்டும். சில காகிதங்களில் அப்படி இருக்காது. பேரீச்சங்கொட்டையைப் படுக்க வைத்து அழுத்தியது போல நீளமாக ஒரு கிழிசல் இருக்கும், அதன் ஓரத்தில் ஈயத்தின் கரிய தடம் படிந்திருக்கும். குண்டு மூக்கால் வரவில்லை, விலாவால் வந்து மோதியிருக்கிறது. பழைய பூட்டின் சாவித்துவாரம் மாதிரி தெரிவதால் ஆங்கிலத்திலும் இதைக் கீஹோல் என்றே சொல்கிறார்கள்.

இந்தக் கிழிசலுக்குப் பேர்போனது மெக்சிகோவின் குவெர்னவாகாவில் தயாராகும் ஆகிலா 60 கிரெய்ன் சப்சானிக் தோட்டா. கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு, சப்சானிக் என்றால் ஒலியைவிட மெதுவாகப் போவது. வேடிக்கை என்னவென்றால், அதே பெட்டியிலிருந்து எடுத்த அதே தோட்டா வேறொரு துப்பாக்கியில் ஒழுங்காக வட்ட ஓட்டை போடும். அப்படியானால் குறை தோட்டாவிலா, துப்பாக்கியிலா?

முதலில் எடைக் கணக்கு. வழக்கமான .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். 60 கிரெய்ன் என்றால் 3.9 கிராம். நகைக்கடைக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட அரைப் பவுன். இவை ரிம்ஃபயர் வகை: தீப்பற்றும் மசாலா அடிப்பாகத்தின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால், பொட்டு வெடியைக் கல்லால் தட்டியது போலப் பற்றிக்கொள்ளும். நசுங்க வேண்டும் என்பதற்காகப் பித்தளைக் கூடு மெல்லியதாக இருக்கிறது. அதனால் உள்ளே பெரிய அழுத்தத்தை அது தாங்காது. சிறிய மருந்து, கனமான குண்டு: வேகம் குறைந்தே தீரும். இந்தத் தோட்டாவுக்குச் சொல்லப்படும் வேகம் விநாடிக்குச் சுமார் 290 மீட்டர்.

அந்தக் குறைந்த வேகம் வேண்டுமென்றே வைத்ததுதான். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகும். அதை முந்தும் பொருள் காற்றில் ‘பட்’டென்று ஓர் அதிர்வை எழுப்பும். சாட்டையைச் சொடுக்கும்போது நுனியில் கேட்பதும் அதே சத்தம்தான். குண்டு ஒலிக்குக் கீழேயே இருந்துவிட்டால் அந்தச் சொடுக்கல் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. ஒலிவேகத்தைத் தாண்டிப் போய், வழியில் வேகம் குறைந்து மறுபடி அதற்குக் கீழே இறங்கும் குண்டு, இறங்கும் இடத்தில் கொஞ்சம் தடுமாறும். 50 மீட்டர் ரைஃபிள் போட்டிக்காரர்கள் பெரும்பாலும் ஒலிவேகத்துக்குச் சற்றுக் குறைவான தோட்டாக்களையே விரும்புவது இதனால்தான். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய போட்டியும் இந்த .22 வகைதான். ஆனால் அவர்களுடையது 40 கிரெய்ன். அரைப் பவுன் குண்டைப் போட்டிக்கு யாரும் கொண்டுபோக மாட்டார்கள்.

சரி, குண்டு ஏன் புரள்கிறது? எடையால் என்று நினைத்தால் தப்பு. நீளத்தால்.

குழலின் விட்டம் மாறாதது, 5.6 மில்லிமீட்டர். அதே ஈயம், அதே தடிமன், ஒன்றரை மடங்கு எடை என்றால் குண்டு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளமாகத்தான் முடியும். பறக்கும் குண்டின் மூக்கைக் காற்று எப்போதும் ஒரு பக்கம் தள்ளிக் கவிழ்க்கப் பார்க்கும். அம்புக்கு வாலில் இறகு இருக்கிறது. குண்டுக்கு இருப்பது சுழற்சி மட்டும். குழலின் உட்புறத்தில் திருகாணி மரை போல ஓடும் புரிகள் அதைச் சுழற்றி அனுப்புகின்றன. பம்பரம் விட்டவர்களுக்கு மீதி புரியும். குட்டையான, பருத்த பம்பரம் மெதுவாகச் சுற்றினாலும் நிற்கும். ஒல்லியாக உயர்ந்த பம்பரத்துக்கு அதே சுற்று போதாது, தலையாட்ட ஆரம்பித்துச் சாய்ந்துவிடும்.

எந்த நீளத்துக்கு எவ்வளவு சுழற்சி வேண்டும் என்று 1879-லேயே கணக்குப் போட்டுவிட்டார் ஜார்ஜ் கிரீன்ஹில். இங்கிலாந்தின் ஊலிச்சில் பீரங்கிப்படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்தவர். அவர் சூத்திரத்தின் சாரம் இது: தடிமன் மாறாதபோது குண்டு நீள நீள, ஒரு முழுச் சுற்றுக்குப் புரி எடுத்துக்கொள்ளும் தூரம் அதே விகிதத்தில் சுருங்க வேண்டும். .22 குழல்களில் வழக்கமான புரி 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 40 கிரெய்ன் குண்டுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒன்றரை மடங்கு நீளத்துக்கு 16-ஐ ஒன்றரையால் வகுத்தால் 10.7 அங்குலம் வருகிறது. 16 அங்குலப் புரியில் இந்தக் குண்டு விநாடிக்குச் சுமார் 710 சுற்று சுற்றுகிறது, மிக்ஸி பிளேடைவிட இரண்டு மடங்கு வேகம். அதுவும் போதவில்லை! 9 அங்குலப் புரியில் 1,270 சுற்று. அங்கே அது நேராகப் பறக்கிறது.

வேகத்தைக் கூட்டினால் சுழற்சியும் கூடுமே என்று தோன்றும். கூடும்தான். ஆனால் கவிழ்க்கும் காற்றின் தள்ளலும் கூடவே ஏறிவிடும். அதனால் ஆதாயம் சொற்பம், தீர்ப்பு சொல்வது புரிதான். நீளமான குழல் வாங்கியும் பயனில்லை: கொஞ்சமாக இருக்கும் மருந்து சீக்கிரம் எரிந்து முடிந்துவிடும், அதற்கு மேல் குழல் உராய்வைத்தான் கூட்டும்.

காற்றின் அடர்த்திக்கும் இதில் பங்கு உண்டு. குளிரில் காற்று அடர்ந்து தள்ளல் அதிகமாகும். எல்லைக்கோட்டில் தள்ளாடும் குண்டு மதிய வெயிலில் தப்பித்து, பனிக்காலக் காலையில் கவிழலாம். அமெரிக்க ராணுவம் இதைப் பெரிய அளவில் அனுபவித்தது. முதல் ஏ.ஆர்.-15 ரைஃபிள்களின் புரி 14 அங்குலம். கடும் குளிரில் குறி சிதறியதால் 1963-ல் அதை 12 ஆக இறுக்கினார்கள். பின்னால் அதன் ராணுவ வாரிசான எம்16ஏ2 வந்தபோது 7 அங்குலம். நீளமான ஒளிவிடும் குண்டுகளைச் சுழற்ற அவ்வளவு தேவைப்பட்டது.

இங்கேதான் கதை சுவையாகிறது. அந்த ராணுவ வகைக் குழலின் விட்டமும் ஏறக்குறைய .22-தான். அதில் .22 தோட்டா சுடுவதற்கென்று மாற்றுப் பொறிகள் விற்கிறார்கள். அவ்வகைக் குழல்களில் கிடைக்கும் 9 அல்லது 7 அங்குலப் புரியில், .22-க்கென்றே பிறந்த துப்பாக்கியில் புரண்ட இதே குண்டு அமைதியாகப் போகிறது.

தானாகத் தோட்டா மாற்றும் துப்பாக்கிகளில் இன்னொரு வினோதம். சாதாரண சப்சானிக் தோட்டாவுக்குப் பின்பொறியை முழுசாகத் தள்ளப் பல சமயம் பலம் போதாது. அரைப் பவுன் குண்டு மெதுவாகப் போனாலும் தள்ளிவிடுகிறது. பொறியைப் பின்னால் தள்ளுவது உந்தம், அதாவது எடையும் வேகமும் பெருக்கியது. 3.9 கிராமை 290-ஆல் பெருக்கினால், 2.6 கிராம் குண்டு ஒலியை முந்தி 375 மீட்டர் வேகத்தில் போகும்போது தருவதைவிடவும் அதிகம்.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. நீண்ட குண்டுக்கு இடம் விட, .22 ‘ஷார்ட்’ என்ற சிறிய தோட்டா வகையின் குட்டைக் கூட்டைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது வழக்கமான கூட்டைவிடச் சுமார் 5 மில்லிமீட்டர் குறைவு. தோட்டா உட்காரும் அறையில், கூடு எட்டாத அந்த இடைவெளியில் கரி வளையம் படியும். அப்புறம் சாதாரண தோட்டா போட்டால், சுட்ட கூடு அதில் சிக்கி வெளியே வர அடம்பிடிக்கும்.

ஒரு குழலின் புரியை அளக்கச் சோதனைச்சாலை வேண்டாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துக்கொண்டு, கைப்பிடிக்குள் தாராளமாகச் சுழலும் துடைப்புக் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் நுழைக்க வேண்டும். கம்பியின் மேல்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி. மெல்லத் தள்ளத் தள்ளக் கம்பி தானே திரும்பும். புள்ளி ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்போது, கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறது என்று அளந்தால் போதும். குழல் குட்டை என்றால் அரைச் சுற்றை அளந்து இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம்.