ஜொலிக்கிற குப்பியை நம்பிவிடாதீர்கள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் டொலுவின் என்ற கரைப்பானில் கலந்த நானோ படிகக் குப்பியை எடுத்து, முதலில் புற ஊதா டார்ச்சைத்தான் அடிப்பார்கள். பச்சையாக ஜொலிக்கும். "சார், சூப்பரா வேலை செய்யுது!" என்பார்கள். திரவச் சிண்டிலேட்டருக்கு, அதாவது கதிர்வீச்சு பட்டால் ஒளிவிடும் திரவத்துக்கு, அந்த ஜொலிப்பு மட்டும் போதாது.

திரவச் சிண்டிலேட்டரில் கதிர்வீச்சு பட்டால் கரைப்பான் விடும் ஒளி புற ஊதாவில் இருக்கும். திரவமே அதை விழுங்கிவிடும். அதனால்தான் பிபிஓ, பிஸ்-எம்எஸ்பி சாயங்களைச் சேர்த்து ஒளியை 420 நானோமீட்டர் பக்கம் நகர்த்துகிறோம். ஒளியை மின்துடிப்பாக மாற்றும் ஒளிப்பெருக்கிக் குழாய் நன்றாகப் பிடிப்பது அந்த நீலத்தைத்தான். இந்தச் சாயங்களின் வேலையைத்தான் நானோ படிகத்திடம் கொடுத்துப் பார்க்கிறோம். காட்மியம் செலினைடு படிகத்தின் அளவைச் சில நானோமீட்டருக்குள் கூட்டிக் குறைத்தாலே நிறம் மாறிவிடும். அதோடு, காட்மியம்-116 இரட்டை பீட்டா சிதைவுக்கு, அதாவது ஒரே நேரத்தில் இரண்டு எலக்ட்ரான்களை வெளியேற்றும் அரிய அணுச்சிதைவுக்கு, உள்ளாகும் ஐசோடோப்பு. ஆராய வேண்டிய அணுவே ஒளியையும் மாற்றித் தருகிறது. என்னை இந்த வேலையில் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

சரி, சிக்கல் எங்கே? படிகம் தான் விடும் ஒளியில் ஒரு பங்கைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சென்டிமீட்டர் குப்பியில் அது கண்ணுக்குத் தெரியாது. சீனாவின் ஜூனோ நியூட்ரினோ உணர்கருவியில் 20,000 டன் திரவம் நிரம்பிய கோளத்தின் விட்டம் 35.4 மீட்டர். ஒளி அத்தனை தூரம் கடந்து வர வேண்டும். அதனால் 10 சென்டிமீட்டர் நீள அளவைக் குப்பியிலாவது ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளந்துவிட்டுப் பேசுங்கள்.

அப்புறம், வண்டல். நாங்கள் கலந்த ஒரு குப்பி முதல் நாள் கண்ணாடி போல இருந்தது. மூன்றாம் வாரம் அடியில் மெல்லிய மஞ்சள் படலம். படிகத்தைப் போர்த்தியிருக்கும் கரிம மூலக்கூறுகள் உதிர்ந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை காற்றும் வெளிச்சமும் படாமல் இருக்க, நைட்ரஜனை ஊதி, அலுமினியத் தாளில் சுற்றி வைத்தோம். அது தாக்குப்பிடித்தது.

கையாளும்போது நான் மிகவும் கவலைப்படுவது காட்மியத்தைப் பற்றித்தான். அது புற்றுநோய் உண்டாக்கும். சிறுநீரகத்தில் போய்ச் சேரும். நைட்ரைல் கையுறை டொலுவினுக்கு வெகுநேரம் தாங்காது. ஒரு துளி தெறித்தாலும் உடனே கழற்றி மாற்றுங்கள். டொலுவின் ஆவி 4 டிகிரி செல்சியஸிலேயே, ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். எனவே புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே குப்பியைத் திறக்காதீர்கள். குப்பியைக் கழுவிய அசிட்டோனும் காட்மியக் கழிவுதான். அதைச் சிங்க்கில் ஊற்றாமல், பெயர் எழுதி ஒட்டிய கழிவுக் கேனில் ஊற்றுங்கள்.