இருபது மனை, எல்லாம் விற்றாகிவிட்டது: ஆல்டர்நேட்டிவ் ராக் நிலையம் இல்லாத ஊர்கள்

"இவ்வளவு பெரிய ஊர், ஆல்டர்நேட்டிவ் ராக் போட ஒரு நிலையம்கூடவா இல்லை?" அமெரிக்க வானொலித் துறையில் இருப்பவர்களிடம் நேயர்கள் விடாமல் கேட்கும் கேள்வி இது. ஆல்டர்நேட்டிவ் என்பது வழக்கமான பாணியை விட்டு விலகிய ராக் வகை. "ராக் செத்துப்போச்சு" என்று பதிலையும் பலர் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். கேட்க ஆள் இருக்கும் ஊரிலும் நிலையம் இல்லாமல் போகிறது என்பதால் அந்தப் பதில் போதாது.

முதலில் இடத்தைப் பாருங்கள். அமெரிக்கப் பண்பலை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. 200 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக 100 அலைவரிசைகள். 88.1 முதல் 91.9 வரை உள்ள 20, விளம்பரம் போடாத நிலையங்களுக்கு. மிச்சம் 80 என்று சந்தோஷப்பட முடியாது. ஒரே ஊரில் முழுச் சக்தி நிலையங்களை நெருக்கி வைத்தால் ஒன்றின் ஒலி இன்னொன்றில் ஏறும். அதனால் பெருநகரங்களில் 800 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விடுகிறார்கள். நியூயார்க்கில் டயலைத் திருப்பினால் 92.3, 93.1, 93.9, 94.7 என்று 0.8 கூடிக்கொண்டே போய் 107.5-இல் நிற்கும். எண்ணினால் 20. லாஸ் ஏஞ்சலஸிலும் அச்சு அசலாக இதே எண்கள்தான். எல்லாம் எப்போதோ நிரம்பிவிட்டன. புறம்போக்குகூட மிச்சமில்லாத ஊரில் வீடு கட்ட வேண்டுமென்றால், இருக்கும் வீடு ஒன்றை இடித்தாக வேண்டும்.

யார் வீட்டை? 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை நிலையம் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. 45 அல்லது அதற்கு மேல் நிலையங்கள் உள்ள சந்தையில் (ஒரு நகரமும் அதன் சுற்றுவட்டாரமும்) ஒரே நிறுவனம் 8 வரை, அதில் பண்பலை 5 வரை வைத்துக்கொள்ளலாம். ஐந்தும் கையில் இருப்பவர் ஐந்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார். பழைய ராக் பாட்டுகள் போடும் கிளாசிக் ராக் நிலையம் ஏற்கெனவே அவரிடம் இருந்தால், ஆல்டர்நேட்டிவுக்கு வரும் நேயர்களில் ஒரு பகுதி அங்கிருந்தே வருவார்கள். வலது பையில் எடுத்து இடது பையில் போடுவதற்கு எந்த முதலாளியும் செலவு செய்யமாட்டார்.

அடுத்தது, எந்த நிலையத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அளக்கும் அளவுகோல். உண்மையான சேதம் இங்கேதான். முன்பெல்லாம் கணக்கெடுப்புக்குத் தேர்ந்தெடுத்த மாதிரி நேயர்கள் ஒரு வாரம் கேட்டதை நாட்குறிப்பில் எழுதி அனுப்புவார்கள். பிடித்த நிலையத்தின் பெயரைப் பாசத்தோடு நாள் முழுக்க எழுதிவிடுவதும் உண்டு. 2007 முதல் பெரிய சந்தைகளில் இடுப்பில் மாட்டும் மீட்டர் வந்தது. நிலையங்கள் காதுக்குக் கேட்காத குறியீடு ஒன்றை ஒலிக்குள் சேர்த்து அனுப்பும்; மீட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். கால் மணி நேரத்துக்குள் 5 நிமிடம் கேட்டால் அந்தக் கால் மணி முழுவதும் நிலையத்தின் கணக்கில் ஏறியது; 2025 முதல் 3 நிமிடமே போதும். 10.10 முதல் 10.20 வரை ஒருவரை இழுத்துப் பிடித்தால் 10 நிமிடத்தில் இரண்டு கால் மணி கிடைக்கும். விளம்பரங்களை 15, 30, 45-ஆவது நிமிட எல்லைகளிலிருந்து தள்ளி வைப்பது இதற்காகத்தான்.

அந்த எல்லையில் தெரியாத பாட்டு ஒன்று வந்து, நேயர் வேறு நிலையத்துக்குத் தாவினால் இழப்பு உடனே எண்ணாகத் தெரியும். ஆகவே நிகழ்ச்சிப் பொறுப்பாளர் புதுப் பாட்டுகளைக் குறைத்து, 90-களின் பாட்டுகளைக் கூட்டுகிறார். புதுப் பாட்டில் உயிர் வாழும் வகை இது. அதைக் குறைத்ததும் பக்கத்து ராக் நிலையத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தேய்கிறது, நேயர் பங்கும் சரிகிறது. பிறகு "பார்த்தீர்களா, எடுபடவில்லை" என்கிறார்கள்!

இந்த வகையின் பலம் இளைய ஆண்கள். மாதிரியில் சேர்ப்பதற்கும், சேர்ந்தபின் மீட்டரை மறக்காமல் மாட்ட வைப்பதற்கும் கடினமானவர்களும் அவர்களே. நாலைந்து பேர் மேசையில் வைத்துவிட்டுப் போனாலே எண் ஆடிவிடும். விளம்பர ஏஜென்சிகளோ பெரும்பாலும் 25–54 வயது நேயர்களை வைத்து நிலையங்களை வரிசைப்படுத்திய பட்டியலை மேலிருந்து பார்த்து விளம்பர நேரம் வாங்குகின்றன.

விளைவுக்கு இரண்டு உதாரணம். வாஷிங்டன் வட்டாரத்தில் 99.1-இல் புகழோடு ஓடிய ஆல்டர்நேட்டிவ் நிலையம் டபிள்யூஎச்எஃப்எஸ், 2005 ஜனவரி 12 அன்று ஸ்பானிய இசைக்கு மாறியது. நியூயார்க்கில் 2017 நவம்பரில் 92.3-க்கு வந்த ஆல்டர்நேட்டிவ், 2022 அக்டோபரில் இடத்தைக் காலி செய்தது. 1010 ஏஎம்மில் ஓடும் செய்தி நிலையத்தின் ஒலியே இப்போது அங்கும். எப்போதும் ஒருவழிப் பாதை என்றும் சொல்வதற்கில்லை. சான் பிரான்சிஸ்கோவின் ஆல்டர்நேட்டிவ் நிலையம் ‘லைவ் 105’, 2017-இல் பெயரையும் 2021-இல் பாணியையும் மாற்றிக்கொண்டு, 2023-இல் பழைய இடத்துக்கே திரும்பியது.

உங்கள் ஊரில் இல்லையென்று முடிவு கட்டுமுன் எச்டி2 துணை ஓடைகளைத் தேடுங்கள்; ஒரு பண்பலை நிலையம் தன் அலைவரிசையிலேயே டிஜிட்டலில் கூடுதலாக அனுப்பும் ஒலி அது. எச்டி வசதி உள்ள ரேடியோ தேவை. காரில் இருக்க வாய்ப்பு அதிகம். சில ஊர்களில் அதே ஓடையை 250 வாட் வரையிலான மறுஒலிபரப்பி ஒன்று சாதாரண பண்பலையிலும் தரும். நகர மையத்தில் தெளிவாகக் கேட்டுவிட்டு நெடுஞ்சாலையில் கரகரத்தால் ரேடியோவைக் குறை சொல்ல வேண்டாம், அதன் எல்லை அவ்வளவுதான்.

கையெழுத்து மனுக்களால் பெரிய பயனில்லை. விற்பனைப் பிரிவு அவற்றைப் படிக்காது. அதைவிட, உள்ளூரில் விளம்பரம் கொடுக்கும் கடைக்காரரிடம் எந்த நிலையத்தில் கேட்டு வந்தீர்கள் என்று சொல்லுங்கள். மீட்டரோ நாட்குறிப்போ வீடு தேடி வந்தால் மறுக்காதீர்கள். விளம்பரமில்லா நிலையங்களுக்குப் பணம் அனுப்புவதும் பலன் தரும்: நேயர் நன்கொடையை நம்பி ஓடும் சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி நிலையம், சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் 92.7-ஐ வாங்கி 2024-இல் ஒலிபரப்பத் தொடங்கியது. வணிக நிலையங்கள் இருக்கும் பகுதியில் உள்ள அலைவரிசை அது.