ரங்கூன் கப்பல் காணாமல் போயிருந்தால்?

செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவை. அதே வழியில் கொண்டுவிக்கப் போன, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார் நிறைந்த ஒரு பயணிகள் கப்பல், 1909 ஐப்பசியில் சென்னையிலிருந்து கிளம்பி, ரங்கூன் போய்ச் சேரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பலகை ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை. காரைக்குடியில் சாபம், சகுனம் என்று கதை கட்டியிருப்பார்கள். (கூடவே போன பேரேடுகளால் எத்தனை வட்டிக்கடைக் கணக்குகள் தீராமல் கிடந்திருக்கும் என்பது தனிக் கதை.)

நடக்காத ஒன்றல்ல. அதே ஆண்டு ஜூலையில் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் புறப்பட்ட வாராட்டா என்ற கப்பல், 211 பேரோடு தடயமில்லாமல் போனது.

ஒரு கப்பல் இப்படி மறைய சாபம் வேண்டாம், சமநிலை குலைந்தால் போதும். கப்பல் சாயும்போது மூழ்கிய பகுதியின் வடிவம் மாறுகிறது. அதனால் தண்ணீர் தாங்கும் புள்ளி, சாய்ந்த பக்கமாக நகர்ந்து கப்பலை நிமிர்த்துகிறது. மேல்தளத்தில் சரக்கு ஏற ஏற எடையின் மையம் உயர்ந்து, இந்த நிமிர்த்தும் பலம் குறையும். அதைவிட மோசம் உள்ளே புகும் நீர். தாம்பாளத்தில் தண்ணீர் ஏந்தி நடந்தவர்களுக்குத் தெரியும், கொஞ்சம் சாய்ந்தாலும் மொத்தமும் ஒரே பக்கம் ஓடும். தளத்தின் அகலம் இரட்டித்தால் இந்தக் கேடு எட்டு மடங்காகும். நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தால் கால்வாசிக்கு இறங்கிவிடும்! 1987இல் பெல்ஜியத்தில் ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் என்ற, வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் பயணிகள் கப்பல் முன்கதவு மூடப்படாமல் கிளம்பியது. வண்டிகள் நின்ற அகன்ற தளத்தில் நீர் பரவி, சுமார் 90 விநாடிகளில் கவிழ்ந்தது. துறைமுகத்துக்கு வெளியேதான், அப்படியும் 193 பேர் இறந்தார்கள்.

ஐப்பசிப் புயலில், நடுக்கடலில், இரவில் இப்படி நடந்தால் படகு இறக்க ஏது நேரம்? 1909இல் பெரும்பாலான கப்பல்களில் கம்பியில்லாத் தந்தியும் கிடையாது. தேதி தவறினாலும் புயலுக்கு எங்கோ ஒதுங்கியிருக்கும் என்றே துறைமுகத்தில் நினைப்பார்கள். தேடப் போவதற்குள் மிதந்தவை நாலாபக்கமும் சிதறியிருக்கும். மற்றதெல்லாம் அடியில், வங்காள விரிகுடாவின் சராசரி ஆழம் சுமார் 2,600 மீட்டர்.

இன்று அந்தக் கப்பலில் ஓர் அவசர ஒலிபரப்பிக் கருவி இருக்கும். கப்பலோடு சில மீட்டர் மூழ்கியதுமே நீரின் அழுத்தம் அதன் பிடியை விடுவிக்கும். மேலே மிதந்து வந்து, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குத் தன் அடையாளத்தை அனுப்பும். பெங்களூரு இஸ்ரோ மையம் வழியாகக் கடலோரக் காவல்படைக்குச் சேதி போய்விடும்.