இணை இறக்குமதி இசைச் சிடிகள்: ஆஸ்திரேலியச் சட்டம் தரும் உரிமையும் தட்டின் தரமும்

ஒரே இசைத்தொகுப்பின் இரண்டு சிடிகள் வெவ்வேறு விலைக்கு விற்கப்படுவதை ஆஸ்திரேலியாவில் இசை வாங்குகிறவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். விலை குறைந்த சிடி பல நேரங்களில் உள்ளூர் இசை நிறுவனத்தின் வழியாக வந்ததாக இராது. வேறொரு நாட்டில் முறைப்படி அச்சாகி அங்கே விற்பனைக்கு வந்ததை வணிகர் ஒருவர் மொத்தமாக வாங்கிக் கொண்டுவந்திருப்பார். இணை இறக்குமதி என்பது இதுதான். இப்படி விற்பது சட்டப்படி செல்லுமா, மலிவாகக் கிடைப்பதால் ஒலியில் ஏதேனும் குறை இருக்குமா என்ற இரண்டு ஐயங்கள் வாங்குகிறவருக்கு எழுவது இயல்பு. முதல் ஐயத்துக்கு 1998ஆம் ஆண்டிலேயே சட்டம் விடை சொல்லிவிட்டது. இரண்டாவதற்கான விடை சற்று நீளமானது. ஆனால் அது தெரிந்தால்தான் முதல் விடையால் முழுப் பயன் கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவின் 1968ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் முன்பு இருந்த நிலையில், அந்நாட்டில் உரிமை வைத்திருப்பவரின் அனுமதி இல்லாமல் விற்பனைக்காகச் சிடி இறக்குமதி செய்வது உரிமை மீறலாகும். அதே நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை அச்சிட்ட அசல் தட்டாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. எந்தச் சிடி நாட்டுக்குள் வரலாம், என்ன விலைக்கு வரலாம் என்பதைச் சில பெரிய நிறுவனங்களே தீர்மானிக்க இது வழிசெய்தது. புதிய இசைத்தொகுப்பு ஒன்று கடையில் ஏறத்தாழ 30 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்ற காலம் அது. அந்நாட்டு விலைக் கண்காணிப்பு ஆணையம் இசைப்பதிவுகளின் விலையை ஆராய்ந்து 1990இல் அளித்த அறிக்கையில், இறக்குமதிக் கட்டுப்பாட்டை நீக்கும்படி பரிந்துரைத்தது. இசை நிறுவனங்களும் இசைக் கலைஞர்கள் பலரும் கடுமையாக எதிர்த்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, ரிச்சர்டு ஆல்ஸ்டன் தகவல் தொடர்புத் துறை அமைச்சராக இருந்தபோது, 1998 ஜூலையில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது.

ஒரு சிடியில் இரண்டு தனித்தனி உரிமைகள் அடங்கியிருக்கின்றன. பாடலின் மெட்டும் வரிகளும் ஓர் உரிமை. அவற்றைப் பாடி இசைத்துப் பதிவுசெய்த ஒலிப்பதிவு மற்றோர் உரிமை. ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தால், மற்றொன்றைக் காட்டி இறக்குமதியைத் தடுத்திருக்க முடியும். ஆகவே திருத்தச் சட்டம் 44டி பிரிவில் பாடல் உரிமைக்கும், 112டி பிரிவில் ஒலிப்பதிவு உரிமைக்கும் விலக்கு அளித்தது. விதிக்கப்பட்ட முதன்மையான நிபந்தனை, அந்தத் தட்டு அச்சான நாட்டில் உரிமை உடையவரின் சம்மதத்தோடு அச்சாகியிருக்க வேண்டும் என்பது. அதாவது திறந்துவிடப்பட்டது அசல் தட்டுக்கு மட்டுமே. கள்ளத் தட்டு முன்பு எப்படிச் சட்டவிரோதமோ இன்றும் அப்படியே. இசை நிறுவனம் வழக்குத் தொடுத்தால், தட்டு முறையான அனுமதியோடு அச்சானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை 130ஏ பிரிவு இறக்குமதி செய்தவர் மேல் வைக்கிறது. எனவே எந்த விநியோகஸ்தரிடம் வாங்கினோம் என்பதற்கான விலைப்பட்டியலைப் பொறுப்பான வணிகர் பத்திரமாக வைத்திருப்பார். சென்னையில் உரிமத்தோடு அச்சான திரைப்பாடல் சிடியைச் சிட்னியில் ஒருவர் இறக்கி விற்றாலும் இதே விதிதான். பல படங்களின் பாடல்களை யாரோ ஒரே எம்பி3 தட்டில் சேர்த்து அச்சிட்டது என்றால், அதற்கு இந்த விதியில் இடமில்லை.

சொந்தப் பயனுக்காக வெளிநாட்டிலிருந்து ஒரு சிடியைத் தபாலில் வரவழைப்பதற்கு 1998க்கு முன்பும் தடை இல்லை. சட்டம் கட்டுப்படுத்தியது விற்பனைக்கும் வாடகைக்கும் பிற வணிகத்துக்குமான இறக்குமதியைத்தான். மறுபக்கம், இசை நிகழ்ச்சிகளின் டிவிடி இந்த விலக்கில் சேராது; அது சட்டத்தின் பார்வையில் திரைப்படப் பதிவு என்பதால் அதற்கான விதிகள் வேறு.

சட்டம் மாறிய உடனே எல்லாம் சீராகிவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து சிடி இறக்கிய கடைகளுக்குச் சரக்குத் தருவதை நிறுத்துவோம், வணிகச் சலுகைகளை விலக்கிக்கொள்வோம் என்று வார்னர், யூனிவர்சல் ஆகிய இரு இசை நிறுவனங்களும் நெருக்கடி கொடுத்ததாக ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குச் சென்றது. 2001இல் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் 2003இல் முழு அமர்வு ஒரு குற்றச்சாட்டை நீக்கினாலும், போட்டியாளரின் சரக்கை எடுக்கக் கூடாது என்று கடையைக் கட்டுப்படுத்தியது தவறு என்பதை உறுதிசெய்தது. கடைக்காரர் அச்சமின்றி வாங்கி விற்க முடிந்தால்தான் நுகர்வோரின் உரிமை காகிதத்தை விட்டு வெளியே வரும் என்பதால், திருத்தச் சட்டத்துக்கு நிகராகவே இந்தத் தீர்ப்பையும் மதிக்கிறேன். அதே வேளையில் கலைஞர்களின் கவலையை அலட்சியப்படுத்த முடியாது. வெளிநாட்டில் விற்ற பிரதிக்கு அங்குள்ள ஒப்பந்தத்தின்படிதான் உரிமத்தொகை கிடைக்கும். அது உள்ளூர் விற்பனையில் வருவதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். பிடித்த உள்ளூர்ப் பாடகரின் சிடியை உள்ளூர்ப் பதிப்பாகவே வாங்குவது என்று ஒருவர் முடிவெடுத்தால், அதில் நியாயம் இருக்கிறது.

இந்த விதி ஆஸ்திரேலியாவுக்குள் மட்டுமே செல்லும்; ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம் உண்டு. நியூசிலாந்து அதே 1998இல் இணை இறக்குமதித் தடையை நீக்கியது. ஹாங்காங்கிலோ, 1997ஆம் ஆண்டுச் சட்டம் வெளியீட்டிலிருந்து 18 மாதங்களுக்குள் வணிக நோக்கில் இறக்குவதைக் குற்றமாக்கியது. 2007இல் அந்தக் காலம் 15 மாதங்களாகக் குறைந்தது. வெளிநாட்டுக்கென்று மலிவாக அச்சான ஜப்பானிய இசைத் தட்டுகள் திரும்பவும் ஜப்பானுக்குள் வருவதை அந்நாடு 2005 ஜனவரி முதல் தடுத்தது. பிரிட்டனில், ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியே விற்பனைக்கு வந்த சிடிகளை ஹாங்காங்கிலிருந்து அந்நாட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய சிடி வாவ் நிறுவனம் 4 கோடியே 10 லட்சம் பவுண்டு இழப்பீடு தர வேண்டும் என்று 2007இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு நாட்டில் சட்டப்படி வாங்கிய சரக்கை இன்னொரு நாட்டில் விற்க நினைப்பவர் இதை மறக்கக் கூடாது.

இனி தரம். இசைச் சிடி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் 1980இல் வகுத்த ஒரே அளவுகோல் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. தட்டின் விட்டம் 12 சென்டிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர், ஒலி நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட் அளவில் எண்ணாகப் பதிவாகிறது. ஒரு மண்டலத்தில் விற்றது இன்னொரு மண்டலத்துக் கருவியில் ஓடாதபடி திரைப்பட டிவிடிக்கு இருப்பது போன்ற மண்டலப் பூட்டு சிடிக்குக் கிடையாது. அமெரிக்காவில் அச்சானாலும் இந்தோனேசியாவில் அச்சானாலும், அச்சுக்கு அடிப்படையான மூலப்பதிவு ஒன்றே என்றால் தட்டில் இருக்கும் எண்களும் ஒன்றேதான். அச்சில் சிறு பிசிறுகள் இருந்தாலும், அவற்றைக் கண்டறிந்து திருத்தும் ஏற்பாடு அளவுகோலிலேயே அடங்கியிருப்பதால் கேட்கிற ஒலி மாறுவதில்லை. மலிவான நாட்டுச் சிடியில் ஒலி மெலிந்திருக்கும் என்ற பரவலான எண்ணத்துக்கு அடிப்படை இல்லை. விலை குறைவதற்குக் காரணம் அந்தந்தச் சந்தையில் மக்களின் வாங்கும் திறனுக்கும் நாணய மதிப்புக்கும் ஏற்ப நிறுவனம் வைத்த விலைதான். அச்சுச் செலவைக் குறைத்ததால் வந்த குறைவு அது ஆகாது.

ஆனாலும் இரண்டு அசல் பதிப்புகளுக்கிடையே உண்மையான வேறுபாடு வருவதற்கு இடங்கள் உண்டு. முதலாவது மூலப்பதிவு. பழைய தொகுப்பு ஒன்று ஒரு நாட்டில் புதிதாக ஒலிச்சீர் செய்யப்பட்டும், இன்னொரு நாட்டில் பழைய மூலத்திலிருந்தே அச்சாகியும் விற்பனையில் இருக்கலாம். அப்போது காதுக்கே வேறுபாடு தெரியும். எது மேல் என்பது அவரவர் செவியைப் பொறுத்தது. பாடல் வரிசையும் மாறக்கூடும். ஜப்பானியப் பதிப்புகளில் கூடுதலாக ஓரிரு பாடல்கள் இருப்பது வழக்கம்; அவை விலை கூடியவை என்பதால் மலிவுப் பேச்சில் அவற்றுக்கு இடமில்லை.

இரண்டாவது, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு. 2002 முதல் சில ஆண்டுகள் இஎம்ஐ நிறுவனம் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆசியாவின் சில நாடுகளிலும் இத்தகைய பூட்டோடு தட்டுகளை வெளியிட்டது. அளவுகோலிலிருந்து விலகியவை என்பதால் அவை சில கார் கருவிகளிலும் கணினிகளிலும் தடுமாறின. அதே தொகுப்புகளின் அமெரிக்கப் பதிப்புகள் பெரும்பாலும் பூட்டு இல்லாமல் வந்தன; அவற்றைப் பொறுத்தவரை இறக்குமதித் தட்டுதான் தரத்தில் மேலானது. 2005இல் நிலைமை தலைகீழானது. சோனி பிஎம்ஜி அமெரிக்காவில் வெளியிட்ட சில தட்டுகள், விண்டோஸ் கணினியில் போட்டவுடன் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் மென்பொருளை நிறுவி, கணினியின் பாதுகாப்பையே கெடுத்தன. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு நிறுவனம் அவற்றைத் திரும்பப் பெற்றது. பழைய சிடி விற்பனையில் இந்த இரு வகைத் தட்டுகளும் இன்னும் கண்ணில் படலாம் என்பதால், அந்தக் காலத்துத் தட்டை வாங்குமுன் பின்னட்டையில் நகல் பாதுகாப்பு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று படித்துவிட வேண்டும்.

மூன்றாவது, தொழிற்சாலைக் குறை. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் இயங்கிய பிடிஓ என்ற சிடி அச்சு ஆலையில் 1980களின் இறுதி முதல் சில ஆண்டுகள் அச்சான தட்டுகள் பல, மேல்பூச்சு கந்தகத்தைத் தாங்காததால் நாளடைவில் வெண்கல நிறமேறிப் பழுதாயின. அந்தக் கந்தகம் வந்தது சிடியோடு வைத்திருந்த தாளிலிருந்து. பணக்கார நாட்டில், பெயர்பெற்ற ஆலையில் நேர்ந்த குறை இது. நாட்டின் பெயரைக் கொண்டு தரத்தை மதிப்பிடுவது சரியல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆக, வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது தட்டு அசலா, போலியா என்பதைத்தான். தட்டின் பளபளப்பான பக்கத்தை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து, நடுத் துளையைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். பதிவு தொடங்கும் இடத்துக்கு உள்ளே, மிகச் சிறிய எழுத்தில் தட்டின் பட்டியல் எண்ணும், ஐஎஃப்பிஐ (IFPI) என்ற ஆங்கில எழுத்துகளைத் தொடர்ந்து எல் (L) என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடும் பொறிக்கப்பட்டிருக்கும். இன்னும் உள்ளே, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பகுதியில் அதே ஐஎஃப்பிஐ எழுத்துகளோடு மற்றொரு குறியீடு இருக்கும். முதலாவது மூல அச்சு உருவான கருவியையும், இரண்டாவது தட்டை வார்த்த அச்சையும் அடையாளம் காட்டுகின்றன. இந்த ஏற்பாடு 1994இல்தான் தொடங்கியது என்பதால் அதற்கு முந்தைய தட்டில் குறியீடு இல்லாததைக் குறையாகக் கொள்ள வேண்டாம். புதிய தட்டில் அது இல்லாமலோ சுரண்டப்பட்டோ இருந்தால் வாங்காதீர்கள். அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இல்லாமல் பச்சையோ நீலமோ ஊதாவோ கலந்து தெரிந்தால், அது ஆலையில் அச்சான தட்டு அல்ல, கணினியில் எழுதிய தட்டு. உள்ளட்டையில் சிறிய எழுத்துகள் மங்கியிருப்பதும், பாடல் வரிகளும் கலைஞர் பட்டியலும் இருக்க வேண்டிய புத்தகம் ஒற்றைத் தாளாகச் சுருங்கியிருப்பதும் நல்ல அறிகுறிகள் அல்ல.

வாங்கிய பிறகு தட்டு ஓடவில்லை என்றால், இறக்குமதிச் சரக்கு என்பதால் உரிமை குறைவதில்லை. 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருப்பதற்கு விற்ற கடையே பொறுப்பு. தயாரித்த நிறுவனத்துக்கு அந்நாட்டில் அலுவலகம் இல்லையெனில், இறக்குமதி செய்தவரையே தயாரிப்பாளராகச் சட்டம் கருதுகிறது. உள்ளூர் இசை நிறுவனம் தான் விற்காத தட்டை மாற்றித் தர வேண்டிய கட்டாயம் இல்லை; ஆகவே அங்கே அலையாமல், ரசீதோடு நேரே வாங்கிய கடைக்குச் செல்லுங்கள். ஓடவே ஓடாத தட்டு பெரும் குறை என்ற வகையில் வரும் என்பதால், பணமா, மாற்றுத் தட்டா என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. இறக்குமதித் தட்டுக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்று கடையில் பலகை மாட்டியிருந்தாலும் அது செல்லாது.

வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து நேரடியாக வரவழைக்கும்போதும் இந்தச் சட்டம் பொருந்தலாம். ஆனால் கடல் கடந்த கடையை அதற்கு இணங்க வைப்பது நடைமுறையில் கடினம். வரியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்: 1,000 டாலர் வரையிலான இறக்குமதிக்கு முன்பு இருந்த விலக்கு நீங்கி, 2018 ஜூலை 1 முதல், ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 75,000 டாலருக்குக் குறையாமல் விற்கும் வெளிநாட்டுக் கடைகள் 10 சதவீதச் சரக்கு மற்றும் சேவை வரியை விலையோடு சேர்த்தே வாங்குகின்றன. அந்த வரியும் தபால் கட்டணமும் சேர்ந்த பிறகு விலையில் மிஞ்சும் வேறுபாடு சிறிதாக இருந்தால், உள்ளூர்க் கடையில் கிடைக்கும் இணை இறக்குமதித் தட்டையே வாங்கலாம். பழுது என்றால் திருப்பிக் கொடுக்க எதிரில் ஒருவர் இருப்பார்.