புல்வெட்டி திணறினால் சைலன்சரைப் பாருங்கள்

தோளில் மாட்டி, நைலான் நரம்பால் புல் வெட்டும் பெட்ரோல் புல்வெட்டி சும்மா ஓடும்போது நன்றாகவே ஓடும். ஆக்சிலேட்டரை அழுத்திப் புல்லில் வைத்ததும் அடங்கிவிடும். பலரும் உடனே, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் திருகில் கை வைப்பார்கள். என்னைக் கேட்டால், முதலில் புகை வெளியேறும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் புல்வெட்டிகளில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் புகையைத் தள்ளவென்றே பிஸ்டன் ஒருமுறை மேலேறும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படித் தனி ஓட்டம் கிடையாது. பிஸ்டன் இறங்கும்போது புகைத் துவாரம் திறக்கும்; அடுத்த கணமே பக்கத் துவாரங்கள் வழியாகப் புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவை பாய்ந்து, மிச்சப் புகையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். பழையது போனால்தான் புதியதற்கு இடம்.

பெட்ரோலில் கலந்த ஆயில் முழுதாக எரியாமல் கரியாகப் படிகிறது. பல மாடல்களில் சைலன்சர் வாயில் தீப்பொறியைத் தடுக்கச் சிறு கம்பி வலை இருக்கும். பிசுபிசுத்த கரி அதன் கண்களை ஒவ்வொன்றாக மூடிவிடும். மெதுவாக ஓடும்போது புகை குறைவு, எப்படியோ போய்விடும். வேகம் கூட்டினால் போக வழியில்லை.

எஞ்சின் ஆறியபின் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, வலையை எடுத்துப் பித்தளை பிரஷ்ஷால் தேயுங்கள். புகைத் துவாரத்திலும் கரி இருந்தால், பிஸ்டன் அதை மூடியிருக்கும் நிலையில் மரக்குச்சியால் சுரண்டலாம். கரி உள்ளே விழாது. வலையை மட்டும் தூக்கி எறியாதீர்கள், காய்ந்த புல் பற்றிக்கொள்ளும்.

ஆயில் அளவை மாடலின் கையேடு சொல்லும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. கூடினால் கரி, குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரைத் திருகிப் பெட்ரோலைக் குறைப்பதும் ஆபத்துதான்: பெட்ரோலோடு ஆயிலும் குறையும்.

அப்புறம் ஏர் ஃபில்டர். ஸ்பாஞ்ச் வகையாக இருந்து தூசி அடைத்திருந்தால் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். சில நிமிடம் ஓடியபின் திணறினால் டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். எஞ்சின் சீறி எழுந்தால், டேங்க்குக்குள் காற்று போகும் துளை அடைத்திருக்கிறது. இதுவும் இல்லையென்றால் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை இழுக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரத்தைச் சந்தேகிக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அந்தச் சவ்வு விறைத்துவிடும்.

எஞ்சினில் குறையே இல்லாமலும் வேகம் குறையலாம். காப்புத் தகட்டில் நைலான் நரம்பை அளவாக வெட்டும் சிறு பிளேடு இருக்கும். தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் நரம்பு நீண்டு, எஞ்சினுக்குப் பாரம் கூடும். கல் தெறித்தால் தடுக்கவும் ஒன்றும் இருக்காது.