ஆயாவின் கதையை எந்த மையில் எழுதுவது?

"ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வா" என்று சொல்லி அனுப்பினால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாதி வகுப்பு மண்டேலாவோடு வரும், மீதி காந்தியோடு வரும். இணையத்தில் எடுத்த நாலு பத்தி, ஒரு படம், பளபளவென்று ஓர் அட்டை. பெற்றோருக்கும் சந்தோஷம். இங்கே இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்தில் வரலாறும் வார இறுதியில் தமிழும் சொல்லிக்கொடுக்கிற எனக்குத்தான் அதற்கு மதிப்பெண் போடக் கை வருவதில்லை. பிள்ளை எதையும் தேடவில்லை, யாரையும் கேட்கவில்லை.

அதனால் தன் குடும்பத்தில் ஒருவரைப் பற்றி எழுதச் சொல்லி, வீட்டில் இருக்கிற காகிதத்திலிருந்து தொடங்குகிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு வந்தார்கள். ஆளுக்கு ஓர் எண். கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருகிற ஓ.சி.ஐ. அட்டைக்காக அந்தப் பதிவின் நகலை வாங்கியவர்கள் நம்மில் உண்டு. அட்டை கைக்கு வந்ததும் நகல் அலமாரிக்குள் போய்விடும். அதை எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள்.

அந்த ஒரு வரியை வைத்து ஒரு பீரியட் முழுக்கப் பேசலாம். வயது 20 என்று இருக்கிறதே, அவர் சொன்னதா, குமாஸ்தா ஆளைப் பார்த்துப் போட்டதா? காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய அந்த ஊர் வட ஆற்காட்டில் எங்கே இருக்கிறது? முழங்காலுக்குக் கீழே தழும்பு இருந்தது தெரிகிறது, ஏன் கப்பலேறினார் என்பது தெரியவில்லை. பதிவேட்டில் முனுசாமியை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு "இல்லை" என்று வந்து நிற்பார்கள். முன்சாமி, மூன்சாமி என்றும் தேடச் சொல்வேன். எண் கிடைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அப்புறம் எழுதுவது. ஆவணம் சொல்வதை நீல மையில், வீட்டார் சொல்வதைப் பச்சையில், தன் ஊகத்தைப் பென்சிலில் எழுத வேண்டும். ஊகிப்பதில் தப்பில்லை, ஊகத்தை நீல மையில் எழுதுவதுதான் தப்பு.

வாசிக்கும்போதும் இதே கண் வேண்டும். தில்லையாடி வள்ளியம்மையையே எடுத்துக்கொள்வோம். தில்லையாடி அவருடைய தாயாரின் ஊர், அவர் பிறந்தது 1898இல், ஜோகன்னஸ்பர்க்கில். இங்கே காந்தி நடத்திய 1913 சத்தியாகிரகத்தில் மரிட்ஸ்பர்க் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. சுயசரிதை எழுத அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. மறுபடியும் சிறை போகத் தயார் என்று அவர் சொன்னதாக நாம் மேடைதோறும் சொல்கிறோமே, அது காந்தி பல வருடம் கழித்து எழுதிய நூலிலிருந்து வருவது. யார் சொல்கிறார், எப்போது, எதற்காக என்று பிள்ளைகள் கேட்கட்டும். அதனால் வள்ளியம்மைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

சுயசரிதைக்கும் இதே கேள்விதான். மண்டேலா தன் கதையை ராபன் தீவுச் சிறையில் ரகசியமாக எழுதத் தொடங்கினார். நூல் வந்தது 1994இல், அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது. கைதியாக எழுதியிருந்தால் சொல்லியிருக்கக்கூடிய எதையாவது தலைவர் விட்டிருப்பாரா? என் வகுப்பில் அதிகம் சண்டை நடப்பது இந்த இடத்தில்தான், நானும் தடுப்பதில்லை.

கடைசியாகத்தான் ஆயாவிடம், அதாவது வீட்டுப் பாட்டியிடம், பேட்டி. "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க ஆயா" என்று கேட்டால் "என்னத்தச் சொல்றது கண்ணு" என்பதோடு முடிந்துவிடும். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வர்த்துக்குத் தூக்கியெறியப்பட்ட தலைமுறை அது. பழைய வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது, பின்னால் என்ன மரம் நின்றது என்று கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டம்.

எழுதி முடித்ததும் ஆயாவுக்கே வாசித்துக் காட்ட வேண்டும். சாதியோ, இரண்டாம் கல்யாணமோ, அவர் வேண்டாம் என்கிற வரியை அடித்துவிட வேண்டும். அதற்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை.