ஃபிரான்சைஸ் எடுக்கும் முன் வாருங்கள், கடையை மூடிய பிறகு அல்ல

இந்த மாதமும் ஒருவர் வந்தார். வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட்டு டீக்கடை ஃபிரான்சைஸ் எடுத்தவர். கடையை மூடியாகிவிட்டது, கையில் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ். அக்ரிமென்ட்டைப் படித்தீர்களா என்றால், "எல்லாருக்கும் ஒரே ஃபார்மட்தான்னு சொன்னாங்க சார்" என்கிறார். இதே பதிலை எத்தனை பேரிடம்தான் கேட்பது?

அடுத்து வருவதும் எனக்கு மனப்பாடம்: "மாசம் 60,000 லாபம் நிச்சயம்னாங்க." யார் சொன்னது? மார்க்கெட்டிங் தம்பி, போனில். அக்ரிமென்ட்டில் என்ன இருக்கிறது? லாபத்துக்கு உத்தரவாதம் இல்லை, முன்பு பேசியது எதுவும் கட்டுப்படுத்தாது, இந்தப் பத்திரம்தான் முழு ஒப்பந்தம். அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து. கம்பெனி உங்களுக்குப் பார்ட்னர் இல்லை, ஐயா. தன் பெயரைப் பயன்படுத்த அனுமதி தருகிறது, செய்முறையும் சரக்கும் தருகிறது. வாடகை, சம்பளம், கரன்ட் பில், நஷ்டம் எல்லாம் உங்கள் தலையில். நீங்கள் கட்டிய ஃபிரான்சைஸ் கட்டணம் டெபாசிட்டும் இல்லை. பெரும்பாலான அக்ரிமென்ட்டில் அது திரும்பி வராது. "போலீசில் மோசடிப் புகார் கொடுத்தால்?" தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். கடை ஓடாதது மட்டும் மோசடி ஆகாது.

அமெரிக்காவில் கையெழுத்துக்கும் பணத்துக்கும் குறைந்தது 14 நாள் முன்பே முழு விவர ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தையும் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தையும் வைத்துத்தான் வாதாடுகிறோம். எனவே கேட்டு வாங்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அக்ரிமென்ட்டின் டிராஃப்டைக் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பெயர் பதிவானதா என்று வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் நீங்களே இலவசமாகத் தேடலாம். உணவகத்துக்கு 43-ஆம் வகுப்பு. பலகையில் 'டிஎம்' இருந்தால் பதிவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஃபிரான்சைஸ் 5 வருஷம், கடை வாடகை ஒப்பந்தம் 11 மாதம் என்று கையெழுத்துப் போடாதீர்கள். பெயரைப் பயன்படுத்துவதற்காகக் கம்பெனிக்குத் தொடர்ந்து கட்டும் ராயல்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 5 சதவீதத்தில் பில் போடும் கடை அதைத் தன் வரியில் கழித்துத் திரும்ப எடுக்க முடியாது. இதை உங்கள் லாபக் கணக்கில் யாராவது சேர்த்தார்களா?

தகராறு வந்தால் டெல்லியில் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதில் நடுவர் விசாரணை, என்று எழுதியிருந்தால், மதுரையில் வழக்குப் போட்டாலும் அங்கேதான் அனுப்புவார்கள். கம்பெனி மட்டுமே தனியாக நடுவரை நியமிப்பதை உச்ச நீதிமன்றம் 2019-லேயே ஏற்கவில்லை. இன்னும் அதே வாசகத்தைக் காப்பி அடித்து அனுப்பும் சக வக்கீல்களை என்ன சொல்ல!

நோட்டீஸ் வந்தேவிட்டதா? லாக்-இன், அதாவது இடையில் விலகக் கூடாது என்று எழுதிய காலத்தில், மீதி நாளுக்கு முழு ராயல்டியும் கேட்டிருந்தால் பதறாதீர்கள். ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் தரச் சொல்கிறது; பத்திரத்தில் எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு மட்டுமே. பதிலை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். அப்புறம், தயவுசெய்து, பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அதே கடையைத் திறக்காதீர்கள். உங்கள் தரப்பைக் கேட்காமலேகூட இடைக்காலத் தடை வாங்கிவிடுவார்கள். பழைய பலகையை இன்றே இறக்கி, இறக்கியதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.